சிஆர்எம் வாங்குவதா, நாமே எழுதிக்கொள்வதா?

கேள்வி: திருப்பூரில் பின்னலாடை நிறுவனங்களுக்கான ஜாப் ஒர்க் மென்பொருள் செய்து விற்கிறோம். விற்பனைக்கு 2 பேர், சப்போர்ட்டுக்கு 3 பேர், புரோகிராமர்கள் 5 பேர், நானும் சேர்த்து மொத்தம் 11 பேர். 240 வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள். விவரமெல்லாம் ஒரு எக்செல் ஷீட்டிலும் அவரவர் வாட்ஸ்அப்பிலும் கிடக்கிறது. ஏழு வருடமாக எங்களிடம் இருந்த விற்பனையாளர் போன மாதம் விலகிவிட்டார். அவர் பேசிக்கொண்டிருந்த சுமார் 40 பேர் எந்த நிலையில் இருக்கிறார்கள் என்று எங்களில் யாருக்கும் தெரியவில்லை. சிஆர்எம் (வாடிக்கையாளர் விவரங்களைப் பதிந்து பின்தொடரும் மென்பொருள்) ஒன்று வாங்கலாம் என்றால் என் புரோகிராமர்கள் "எதற்குக் காசு, மூன்று வாரத்தில் நாமே எழுதிவிடலாம்" என்கிறார்கள். எதை வாங்குவது? அல்லது எழுதிக்கொள்வதா? எங்கள் லைசென்ஸ் விலை 65,000 ரூபாய், ஏஎம்சி (வருடாந்திரப் பராமரிப்புக் கட்டணம்) அதில் 18 சதவீதம். போன வருடம் 31 பேர் ஏஎம்சி புதுப்பிக்கவில்லை, கூப்பிட்டுக் கேட்டால் பாதிப் பேர் "யாரும் வந்து கேட்கவே இல்லையே" என்கிறார்கள்.

பதில்:

வணக்கம். எழுதாதீர்கள், வாங்குங்கள். காரணத்தைச் சொல்கிறேன். ஆனால் அதைவிட முக்கியமாக எனக்குப் பட்டது உங்கள் கடிதத்தின் கடைசி வரிதான், எதை வாங்குவது என்பதே அந்த வரியிலிருந்துதான் முடிவாகும் என்பதால் அதற்கு நிதானமாக வருகிறேன்.

முதலில் உங்கள் புரோகிராமர்கள். அவர்கள் சொல்வது பொய் இல்லை, மூன்று வாரத்தில் ஒரு திரை வந்துவிடும். பெயர், போன் நம்பர், குறிப்பு, அடுத்து எப்போது கூப்பிட வேண்டும் என்று ஒரு தேதி, அவ்வளவும் அழகாக ஓடும். நான் முன்பு வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில் நாங்களும் இப்படித்தான் ஆரம்பித்தோம். நான்காவது வாரம் விற்பனைக்காரர்கள் போனில் வேண்டும் என்றார்கள். அப்புறம் ஒருவர் வாடிக்கையாளரை இன்னொருவர் பார்க்கலாமா கூடாதா என்ற சண்டை வந்தது, அதற்கு பர்மிஷன் எழுதினோம். பிறகு ஒரே வாடிக்கையாளர் மூன்று முறை பதிவாகி மூன்று பதிவுக்கும் தனித்தனி விலையில் கொட்டேஷன் போனது. ஒரு நாள் ராத்திரி நினைவூட்டல் அனுப்பும் நிரல் இரண்டு முறை ஓடி, பணம் கட்டியவர்களுக்கும் சேர்த்து பாக்கி மெசேஜ் போய்விட்டது, மறுநாள் முழுக்க மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தோம். எட்டாவது மாதம் அதை எழுதிய பையனுக்கு வேறு வேலை கிடைத்தது. அவன் போனபின் அந்த நிரலைத் தொட யாருக்கும் தைரியம் வரவில்லை, எல்லோரும் சத்தமில்லாமல் எக்செல்லுக்கே திரும்பிவிட்டோம். அந்த எட்டு மாதத்தில் நாங்கள் விற்கிற மென்பொருளில் ஒரே ஒரு புது வசதிதான் வெளியே வந்தது. இப்போது நினைத்தாலும் அதுதான் எனக்கு வலிக்கிறது.

கணக்கும் போட்டுப் பாருங்கள். இரண்டு புரோகிராமர்கள், ஆளுக்கு மாதம் 45,000 சம்பளம், அந்த மூன்று வாரம் ஐந்து மாதமாக இழுத்தது என்று வைத்தால் 4,50,000 ரூபாய். விற்பனை 2, சப்போர்ட் 3, நீங்கள் ஒருவர், ஆக 6 பேருக்கு ஆள் ஒன்றுக்கு மாதம் 1,000 ரூபாய் என்று தாராளமாக வைத்தாலும் வருடத்துக்கு 72,000தான். அதன்மேல் வரும் 18 சதவீத ஜிஎஸ்டியையும் நீங்கள் இன்புட் கிரெடிட்டாக, அதாவது நீங்கள் கட்டவேண்டிய ஜிஎஸ்டியில் கழித்து, எடுத்துக்கொள்ளலாம். இதில் சம்பளத்தைவிடப் பெரிய நஷ்டம், அந்த இரண்டு பேரும் அந்த ஐந்து மாதமும் உங்கள் மென்பொருளின் டையிங் சலானையோ காம்பாக்டிங் கணக்கையோ தொடமாட்டார்கள் என்பது. உங்களிடம் 240 பேர் காசு கொடுத்தது அந்த வேலைக்குத்தானே.

சரி, அந்தக் கடைசி வரி. 65,000க்கு 18 சதவீதம் என்றால் ஒருவருக்கு 11,700. 240 பேரும் கட்டினால் வருடத்துக்கு 28,08,000 ரூபாய், யாரையும் புதிதாகத் தேடிப் போகாமலே. போன வருடம் விட்டுப்போன 31 பேரால் போனது 3,62,700. நான் மேலே சொன்ன சிஆர்எம் செலவைப்போல ஐந்து மடங்கு! அதிலும் பாதிப் பேர் கோபித்துக்கொண்டு போகவில்லை, கேட்க ஆளில்லாமல் போனார்கள். ஆகவே உங்களுக்கு வேண்டிய சிஆர்எம், புது லீட், அதாவது வாங்கக்கூடிய புது ஆள், பிடிப்பதில் கெட்டிக்காரத்தனமானது அல்ல. எந்த வாடிக்கையாளருக்கு எந்தத் தேதியில் ஏஎம்சி முடிகிறது, அதற்கு 60 நாள் முன்னால் யார் கூப்பிட வேண்டும், கூப்பிட்டார்களா, என்ன சொன்னார் என்பதை மறக்காமல் எடுத்து நீட்டுகிற ஒன்று. டெமோ காட்ட வருகிறவர்கள் பெரும்பாலும் புது விற்பனைப் படத்தைத்தான் காட்டுவார்கள், விளம்பரத்திலிருந்து லீட் தானாக வந்து விழுவதைக் காட்டுவார்கள். "புதுப்பிப்பைக் காட்டுங்கள், இதே வாடிக்கையாளர் அடுத்த வருடம் இந்தத் தேதியில் என் முன்னால் எப்படி வந்து நிற்பார்?" என்று கேளுங்கள். அதற்கு அவர்கள் எத்தனை கிளிக் செய்கிறார்கள் என்று எண்ணுங்கள்.

அத்தோடு ஒட்டியது சப்போர்ட். உங்கள் விற்பனையாளர் பல்லடம் ரோட்டில் ஒரு நிட்டிங் யூனிட்டுக்கு ஏஎம்சி கேட்கப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். மெஷின் சத்தத்தில் முதலாளி வாசலுக்கு வந்து, "டெலிவரி சலான் பிரிண்ட் வரலன்னு மூணு வாரமா சொல்லிட்டிருக்கேன், இப்ப காசு கேக்க வந்துட்டீங்களா" என்கிறார். விற்பனையாளருக்கு அந்தப் புகார் இருப்பதே தெரியாது. இந்த ஒரு நிமிடத்தில் போகிற மரியாதையை எந்தத் தள்ளுபடியாலும் திரும்ப வாங்க முடியாது. வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு போனில் அந்த வாடிக்கையாளர் பெயரைத் திறந்தால், முடியாத புகார்கள் முதல் திரையிலேயே தெரிய வேண்டும். சிஆர்எம்மும், புகார்களைப் பதிந்து தீர்க்கும் ஹெல்ப்டெஸ்க்கும் ஒரே இடத்தில் வாங்குங்கள், இல்லையென்றால் இரண்டும் நிஜமாகவே பேசிக்கொள்கின்றனவா என்று உங்கள் கையால் சோதித்துப் பாருங்கள்.

இனி பெயர்கள். நான் யாரிடமும் கமிஷன் வாங்குவதில்லை, அதனால் மனதில் பட்டதைச் சொல்கிறேன்.

சேல்ஸ்ஃபோர்ஸ் 1999-இல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கியது, உலாவியில் ஓடும் சிஆர்எம் என்பதை உலகத்துக்குப் பழக்கியதே அவர்கள்தான். ஆனால் அதை அமைத்துப் பராமரிக்க ஒரு தனி ஆள் வேண்டும், 11 பேர் இருக்கும் இடத்தில் அந்த ஆளுக்கு எங்கே போவது? விட்டுவிடுங்கள். ஹப்ஸ்பாட் 2006-இல் மார்க்கெட்டிங்குக்காகப் பிறந்தது, வலைப்பூ எழுதி, இமெயில் அனுப்பி வாடிக்கையாளரை வரவழைக்கிறவர்களுக்கு அருமையானது. இலவசமாகத் தொடங்கலாம் என்பது உண்மை, ஆனால் கீழ்ப்படியிலிருந்து மேல்படிக்குப் போகும்போது விலை பெரிய தாவலாகத் தாவும், அந்த மேல்படி விலையை இப்போதே பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் வாடிக்கையாளர்கள் இமெயில் பார்த்து வாங்குகிறவர்களும் இல்லை. எஸ்டோனியாவில் 2010-இல் தொடங்கிய பைப்டிரைவ் விற்பனைக்காரர்களுக்கு மிகவும் பிடிக்கும், டீல்களை ஒரு பத்தியிலிருந்து அடுத்த பத்திக்கு நகர்த்திக்கொண்டே போகலாம். உங்கள் பிரச்சினையில் பாதி சப்போர்ட், அதுதான் தயக்கம்.

நம் பக்கத்தில் இரண்டு இருக்கின்றன. 1996-இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கிய ஜோஹோ, 2005-லிருந்து சிஆர்எம் கொடுக்கிறது. அது வளர்ந்து வளர்ந்து இன்று ஒரு பெரிய கடல், திறந்ததும் சின்ன அணிகள் மிரண்டுபோவதை நானே பார்த்திருக்கிறேன். அதனால்தான் சிறு நிறுவனங்களுக்கென்று 2020-இல் பிகின் என்று தனியாக ஒன்றை விட்டார்கள், உங்கள் அளவுக்கு அதுவே போதும். புது விற்பனைக்கு ஒரு பைப்லைன் (படிகளின் வரிசை), ஏஎம்சி புதுப்பிப்புக்கு ஒரு பைப்லைன் என்று தனித்தனியாக வைத்துக்கொள்ள முடிவது உங்களுக்கு நேரடியாகப் பயன்படும். இன்னொன்று ஃப்ரெஷ்வொர்க்ஸ், 2010-இல் சென்னையில் ஃப்ரெஷ்டெஸ்க் என்ற ஹெல்ப்டெஸ்க்காகத் தொடங்கியவர்கள். வேர் சப்போர்ட்டில் இருப்பதால் ஃப்ரெஷ்டெஸ்க்கையும் அவர்களுடைய ஃப்ரெஷ்சேல்ஸையும் சேர்த்து வைத்துப் பாருங்கள். இந்த இரண்டை மட்டும் சோதித்தால் போதும், ஆறு ஏழு என்று எடுத்துக்கொண்டால் முடிவுக்கே வரமாட்டீர்கள்.

ஓப்பன் சோர்ஸ் (நிரலை யாரும் எடுத்து மாற்றிக்கொள்ளக்கூடிய மென்பொருள்) ஆசை உங்கள் புரோகிராமர்களுக்கு வரும், அதையும் சொல்லிவிடுகிறேன். சுகர்சிஆர்எம் 2004-இல் ஓப்பன் சோர்ஸாக வந்தது, பிறகு அந்த இலவசப் பதிப்பைக் கைவிட்டது. அதற்குள் அதே நிரலிலிருந்து வீடைகர், சூட்சிஆர்எம் என்று கிளைகள் பிரிந்திருந்ததால் பழைய பயனர்கள் நடுத்தெருவில் நிற்கவில்லை, அந்தப் பாதுகாப்பு ஓப்பன் சோர்ஸில் நிஜமாகவே உண்டு. ஆனால் சர்வர், பேக்கப், செக்யூரிட்டி அப்டேட் எல்லாம் உங்கள் தலையில்தான் விழும். ராத்திரி பதினொரு மணிக்கு அது நின்றால் உங்கள் புரோகிராமர்தான் எழுந்திருக்க வேண்டும். நாமே எழுதுகிற அந்த மூன்று வார ஆசைக்கு இது பரவாயில்லை, ஆனாலும் இப்போதைக்கு வேண்டாம் என்பேன்.

எதை எடுத்தாலும் அதற்கு முன்னால் எக்செல்லைச் சுத்தம் செய்ய வேண்டும், பத்து நாள் வேலை, இதைத் தள்ளிப்போட்டால் எல்லாம் வீண். இப்படிப்பட்ட ஷீட்கள் நிறைய பார்த்தாயிற்று. மஞ்சள் நிறம் ஒருவருக்கு "வாங்கப்போகிறார்", இன்னொருவருக்கு "ஏஎம்சி பாக்கி". குறிப்புப் பத்தியில் "பொங்கலுக்கு அப்புறம் கூப்பிட" என்று இருக்கும், எந்தப் பொங்கல் என்று இருக்காது. போன் நம்பர் பத்தியில் 91 சேர்த்து எழுதியவை 9.19E+11 என்று சுருங்கிக் கிடக்கும், அதை அப்படியே சிஎஸ்வியாக (சிஆர்எம்மில் ஏற்றுவதற்கான எளிய கோப்பு) சேமித்தால் நம்பரின் கடைசி இலக்கங்கள் நிரந்தரமாகப் போய்விடும், ஆகவே முதலில் அந்தப் பத்தியின் ஃபார்மேட்டை தசமம் இல்லாத நம்பராக மாற்றி, எல்லா இலக்கமும் தெரிகிறதா என்று பாருங்கள். தமிழில் எழுதிய பெயர்கள் இருந்தால் யுடிஎஃப்-8 சிஎஸ்வியாகச் சேமியுங்கள், இல்லையென்றால் ஏற்றியபின் கேள்விக்குறிகள்தான் மிஞ்சும்.

ஒரே வாடிக்கையாளர் இரண்டு பெயரில் இருப்பதுதான் திருப்பூரில் பெரிய தலைவலி, ஒரு குடும்பத்தில் நிட்டிங் ஒரு பெயரில், ஸ்டிச்சிங் வேறு பெயரில், எக்ஸ்போர்ட் இன்னொரு பெயரில் ஓடும். இதைப் பிரித்தறிய ஜிஎஸ்டி நம்பரைப் பிடித்துக்கொள்ளுங்கள். 15 எழுத்தில் முதல் இரண்டு மாநிலம், தமிழ்நாட்டுக்கு 33. மூன்றாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை அந்த நிறுவனத்தின் பான் நம்பர். அந்தப் பத்து எழுத்தைத் தனிப் பத்தியாக வெட்டி வரிசைப்படுத்திப் பாருங்கள், ஒரே பான் இரண்டு வரிசையில் வந்தால் அது ஒரே ஆள் அல்லது ஒரே நிறுவனம், சேர்த்துவிடலாம். பான் வேறு, முதலாளி குடும்பம் ஒன்று என்றால் சேர்க்காதீர்கள், பில் தனித்தனியாகப் போக வேண்டியிருக்கும். ஆனால் தொடர்பு ஆளின் பெயரில் இரண்டையும் இணைத்து வையுங்கள். பெரும்பாலான சிஆர்எம்களில் நிறுவனம் ஒன்று, அதில் இருக்கும் ஆட்கள் ஒன்று, நடக்கிற வியாபாரம் ஒன்று என்று மூன்று அடுக்கு இருக்கும், உங்கள் எக்செல்லில் இந்த மூன்றும் ஒரே வரியில் குழைந்து கிடப்பதால்தான் இவ்வளவு குழப்பம்.

அடுத்தது, விற்பனையின் படிகள். பல சிஆர்எம்களில் குவாலிஃபிகேஷன், நீட்ஸ் அனாலிசிஸ், வேல்யூ பிரபோசிஷன் என்று முன்கூட்டியே போட்டு வைத்திருப்பார்கள். அவற்றை முதல் நாளே அழித்துவிட்டு, ஒரு வெள்ளைத் தாளில் உங்கள் வியாபாரம் நிஜமாக எப்படி நடக்கிறது என்று எழுதுங்கள். விசாரித்தார், டெமோ பார்த்தார், அவருடைய அக்கவுண்டன்ட் பார்த்தார், கொட்டேஷன் கேட்டார், அட்வான்ஸ் கொடுத்தார், பழைய பேலன்ஸ் ஏற்றியாயிற்று, முதல் டெலிவரி சலான் போட்டார், மீதிப் பணம் வந்தது. ஒவ்வொரு படியும் வாடிக்கையாளர் செய்த ஒரு காரியமாக இருக்கட்டும். "ஆர்வமாக இருக்கிறார்" என்று ஒரு படி வைத்தீர்களானால் எல்லா டீலும் அதில் போய்க் குவிந்து அங்கேயே தூங்கும். அக்கவுண்டன்ட்டைத் தனிப் படியாக எழுதியதற்குக் காரணம் இருக்கிறது. முதலாளி சரி என்று சொன்னபின்னும் கணக்கு எழுதுகிறவர் முகம் சுளித்தால் டீல் நின்றுபோகும், அவரோடு டெமோ வைக்கும்போது மாதாந்திர ஜிஎஸ்டி ரிட்டர்ன்களில் ஜிஎஸ்டிஆர்-1 தாக்கல் செய்யும் 11-ஆம் தேதியையும் 3பி தாக்கல் செய்யும் 20-ஆம் தேதியையும் ஒட்டிய நாட்களைத் தவிர்த்துவிடுங்கள்.

பிகினையும் ஃப்ரெஷ்வொர்க்ஸையும் சோதிக்கும்போது மாதிரி டேட்டாவை வைத்துச் சோதிக்காதீர்கள். உங்கள் நிஜ வாடிக்கையாளர்கள் 20 பேரை ஏற்றுங்கள், அதில் ஐந்து பேர் ஏஎம்சி பாக்கி, ஐந்து பேர் புகார் உள்ளவர்கள் என்று கலந்து எடுங்கள். இரண்டு வாரம் விற்பனையாளர் இருவரும் போனில் மட்டும் அதைப் பயன்படுத்தட்டும். ஒரு கையில் டீ கிளாஸை வைத்துக்கொண்டு மறு கைக் கட்டைவிரலால், பேசி முடித்த அரை நிமிடத்தில் குறிப்பை ஏற்ற முடிகிறதா என்பதுதான் பரீட்சை. 14 கட்டங்களை நிரப்பினால்தான் சேமிக்கும் என்றால் யாரும் நிரப்பமாட்டார்கள், கட்டாயக் கட்டங்களை நான்குக்கு மேல் வைக்காதீர்கள். இரண்டாவது வாரக் கடைசியில் எல்லாவற்றையும் எக்ஸ்போர்ட் செய்து பாருங்கள், பெயரும் நம்பரும் எல்லாரும் கொடுப்பார்கள், எழுதிய குறிப்புகளும் கால் விவரங்களும் இணைத்த கோப்புகளும் சேர்ந்து வெளியே வருகின்றனவா என்பதுதான் கேள்வி. வராதென்றால், மூன்று வருடம் கழித்து நீங்கள் வெளியே வர நினைக்கும்போதும் வராது.

வாட்ஸ்அப்பைப் பற்றி. விலகிப்போனவரோடு உங்கள் 40 பேரும் போனதற்குக் காரணம், பேசியதெல்லாம் அவருடைய சொந்த நம்பரில் இருந்தது. எந்த சிஆர்எம் வாங்கினாலும் இது மாறாது. நிறுவனத்தின் பெயரில் சிம் வாங்கி, வாடிக்கையாளரோடு பேசுவது அதில்தான் என்று முதலில் ஆக்குங்கள், பிறகு வாட்ஸ்அப் பிசினஸ் தளத்தை சிஆர்எம்மோடு இணைக்கலாம். அப்படி இணைத்தால் ஒரு விதி தெரிந்திருக்க வேண்டும், வாடிக்கையாளர் கடைசியாக எழுதியதிலிருந்து 24 மணி நேரம் வரைதான் நீங்கள் நினைத்தபடி எழுதலாம், அதன்பின் முன்கூட்டியே அனுமதி வாங்கிய டெம்ப்ளேட் மட்டும்தான் போகும், அவர் சம்மதமும் வேண்டும். ஏஎம்சி நினைவூட்டலுக்கு இது நன்றாகவே பொருந்தும். சப்போர்ட்டுக்காக வாடிக்கையாளர்கள் அனுப்பும் டேட்டா பேக்கப்பை மட்டும் சிஆர்எம்மில் இணைத்து வைக்காதீர்கள், அதில் அவர்கள் ஆட்களின் சம்பளமும் போன் நம்பரும் இருக்கும், 2023-இல் நிறைவேறிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கும் நாட்டில் அது உங்களுக்கு வேண்டாத சுமை.

உங்கள் ஆட்கள் பயன்படுத்துவார்களா என்ற பயம் உங்களுக்கு இருக்கும். அது உங்கள் கையில்தான் இருக்கிறது. திங்கட்கிழமை காலைப் பேச்சில் எக்செல்லைத் திறக்காதீர்கள், சிஆர்எம் திரையைத் திறந்து அதில் இருக்கும் டீல்களை மட்டும் பேசுங்கள். இன்சென்டிவ் கணக்கையும் அதிலிருந்தே போடுங்கள், இரண்டே மாதத்தில் யாரும் சொல்லாமலே ஏற்றுவார்கள். ஆனால் ஜிபிஎஸ் போட்டு அவர்கள் எங்கே நிற்கிறார்கள் என்று பார்க்கும் வசதியை மட்டும் இயக்காதீர்கள் என்று மிகவும் கேட்டுக்கொள்கிறேன். வேவு பார்க்க வந்த பொருள் என்று ஒருமுறை மனதில் பதிந்துவிட்டால் அதில் உண்மையான குறிப்பு ஒன்றும் வராது, எல்லாம் ஒப்புக்கு எழுதியதாகத்தான் இருக்கும்.

இதெல்லாம் முடிய ஒன்றரை மாதம் ஆகும். அந்த 40 பேர் அதுவரை காத்திருக்கமாட்டார்கள். இந்த வாரமே பட்டியலை எடுத்துக்கொண்டு நீங்களே கூப்பிடுங்கள், விற்பனையாளரிடம் விடாதீர்கள். "எங்கள் ஆள் போய்விட்டார், உங்களிடம் என்ன பேசினார் என்று எனக்குத் தெரியாது, நீங்களே சொல்லுங்கள்" என்று நேராகச் சொல்லிக் கேளுங்கள், திருப்பூர்க்காரர்கள் அதற்கு மரியாதை கொடுப்பார்கள். சொல்வதை ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வையுங்கள். சிஆர்எம்மில் முதலில் ஏற்றப்போகும் 20 பேரில் ஏஎம்சி பாக்கி, புகார் உள்ளவர்கள் போக மீதிப் பேரை அந்த நோட்டிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம்.